காணாது வாங்கிய ஆடை: அஞ்சல்வழி வாணிகத்தின் வரலாறு

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஆதலின் ஆடை வாங்கச் செல்வோர் கண்ணை மட்டும் நம்புவதில்லை. துணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பர். வெளிச்சத்தில் பிடித்து நெசவின் நெருக்கத்தை நோக்குவர். சாயம் போகுமா என்று வினவுவர். தைத்த உடையாயின் உடம்பில் வைத்தும் பார்ப்பர். இத்தனைக்கும் பின்னர் வீடு வந்து குறை கண்டு வருந்துவோரும் உண்டு. அவ்வாறிருக்க, துணியைத் தொடாமல், கடைக்காரர் முகத்தையும் காணாமல், தாளில் அச்சிட்ட ஒரு படத்தை மட்டும் பார்த்துப் பணத்தை அனுப்பிவிட்டு, நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து சட்டை வரும் என்று காத்திருக்க மக்கள் எவ்வாறு உடன்பட்டனர்?

இவ்வினாவிற்கு விடையாக அமைவது அஞ்சல்வழி வாணிகத்தின் வரலாறு. அது 19-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டில் முளைத்து, அமெரிக்க ஐக்கிய நாட்டில் தழைத்தது. அதனை வெறும் விலைகளின் வரலாறு என்று கொள்ளுதல் பொருந்தாது. காணாதவரிடம் நம்பிக்கை எவ்வாறு உண்டாக்கப்பட்டது, அதனால் யார் தலைநிமிர்ந்தனர், யாருடைய உடம்பு கணக்கில் சேராமல் விடுபட்டது என்பனவும் அதனுள் அடங்கும்.

வேல்ஸ் நாட்டு முன்னோடி

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் நியூட்டவுன் என்னும் சிற்றூர் உள்ளது. ஃபிளானல் என்னும் மென்மையான கம்பளித் துணிக்கு அவ்வூர் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. அங்குத் துணிக்கடை நடத்திய பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்பவர் 1861-ஆம் ஆண்டளவில் ஒரு புதிய முறையைக் கையாண்டார். தம்மிடமுள்ள துணிகளின் பெயரையும் விலையையும் அச்சிட்டுத் தொலைவூர்களில் வாழ்ந்தோர்க்கு அஞ்சலில் அனுப்பினார். அவர்கள் கடிதம் எழுதிக் கேட்ட துணியைப் புகைவண்டியில் அனுப்பிவைத்தார்.

ஊரோ சிறியது, வாங்குவோரோ சிலர். கடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்ல இயலாது. ஆயின் பட்டியலை எங்கும் அனுப்பலாம். இவ்வெளிய உண்மையே அவர் வாணிகத்தின் வித்து. 1879-இல் நியூட்டவுன் புகைவண்டி நிலையத்தை அடுத்து அவர் பெரியதொரு பண்டகசாலையை எழுப்பினார். விக்டோரியா அரசியாரும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவரிடம் துணி வாங்கியோருள் அடங்குவர். 1887-இல் அவர்க்குச் 'சர்' பட்டமும் கிடைத்தது.

அரசியாரும் பெருமக்களும் வாங்குவது ஒரு கடைக்குப் புகழ் தரும். ஆயின் பொழுதெல்லாம் வயலில் உழைத்து, ஆண்டுக்கு ஒரு முறை கையில் காசு காணும் உழவர் அவ்வாறு வாங்கத் துணிவரா? அந்தச் சோதனை அமெரிக்காவில் நிகழ்ந்தது.

ஒற்றைத் தாளில் 163 பொருள்கள்

ஏரன் மாண்ட்கோமரி வார்டு என்பவர் ஊர் ஊராகச் சென்று கடைகளுக்குத் துணி முதலியன விற்ற பயண விற்பனையாளர். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி உழவர்களின் குறையை அவர் நேரிற் கண்டார். சுற்றுவட்டாரத்திற்கு ஒரே பல்பொருட்கடை, அங்குள்ளதே சரக்கு, கடைக்காரர் சொன்னதே விலை. நகரத்து ஆலையிலிருந்து ஒரு சட்டை உழவரை வந்தடைவதற்குள் இடைத்தரகர் பலர் தத்தம் பங்கை ஏற்றிவிடுவர். கடனுக்கு வாங்குவோர்க்கு விலை இன்னும் கூடும்.

நகரத்தில் மொத்தமாக ரொக்கத்திற்கு வாங்கி, உழவர்க்கு நேரே ரொக்கத்திற்கு விற்றால் இருவர்க்கும் நன்மை என்று வார்டு எண்ணினார். அவர் சேர்த்துவைத்த முதற் சரக்கு 1871-இல் சிகாகோ நகரை அழித்த பெருந்தீயில் எரிந்து போயிற்று. எனினும் அவர் தளரவில்லை. 1872 ஆகஸ்டில் ஒற்றைத் தாள் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். அதில் இருந்தவை 163 பொருள்கள். பிற்காலத்தில் 'காட்டலாக்' என்று உலகம் அறிந்த பெரும் விலைப்பட்டியல் நூல்களுக்கு அமெரிக்க மண்ணில் அத்தாளே முன்னோடியாயிற்று. 'கிரேஞ்ச்' என்னும் உழவர் சங்கத்தின் ஆதரவும் அவர்க்குக் கிட்டியது.

ஆயின் ஐயம் எளிதில் அகலவில்லை. முகமறியா ஒருவர் இத்துணைக் குறைந்த விலைக்கு எவ்வாறு விற்பார்? 1873-இல் சிகாகோவின் பெருநாளேடு ஒன்று, இது மக்களை ஏய்க்கும் வேலை என்று எச்சரித்தது. பின்னர் உண்மையை ஆராய்ந்து, தன் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இவ்வையத்திற்கு வார்டு அளித்த மறுமொழி 1875-இல் வெளிவந்தது. பொருள் மனநிறைவு தராவிடில் திருப்பி அனுப்பலாம். பணம் திரும்பக் கிடைக்கும் என்பதே அது. தொட்டுப் பார்க்க இயலாத குறையை இவ்வுறுதிமொழி ஈடு செய்தது. கடையில் நின்று பார்க்க வேண்டியதை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிடில் விட்டுவிடலாம். காணாது வாங்கும் வாணிகத்தின் முதல் தூண் இதுவே.

சட்டையும் அளவு நாடாவும்

1886-இல் மினசோட்டா மாநிலத்தில் புகைவண்டி நிலைய அலுவலராயிருந்த ரிச்சர்டு சியர்ஸ், உரியவர் ஏற்க மறுத்த சட்டைப்பைக் கடிகாரப் பெட்டி ஒன்றை வாங்கி விற்று வாணிகத்தில் இறங்கினார். கடிகாரம் பழுது பார்க்கும் ஆல்வா ரோபக் என்பவர் பின்னர் அவருடன் சேர்ந்தார். 1893-இல் 'சியர்ஸ் ரோபக்' என்னும் பெயர் நிலைபெற்றது. 1895-இல் அந்நிறுவனத்தின் விலைப்பட்டியல் 532 பக்கங்கள் கொண்ட பெருநூலாயிருந்தது.

அதே 1895-இல் ஜூலியஸ் ரோசன்வால்டு என்பவர் அந்நிறுவனத்தில் பங்காளியானார். அவர் ஆண்களின் ஆயத்த ஆடைகளைத் தயாரித்து வந்தவர். சியர்ஸ் விளம்பரம் எழுதுவதில் வல்லவர். கையில் இல்லாத சரக்கையும் இருப்பதாக எழுதிவிடும் துணிவு அவர்க்கு உண்டு. ரோசன்வால்டோ சரக்கும் சொல்லும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்னும் கொள்கையினர். திரும்பி வரும் ஒவ்வோர் ஆடையும் இழப்பே என்பதை ஆடைத் தொழிலில் ஊறியவர் அறிவார் அன்றோ?

கடிகாரத்திற்கு அளவு இல்லை; ஆடைக்கு உண்டு. இங்கேதான் ஆடை வாணிகம் பிற வாணிகங்களினின்றும் வேறுபடுகின்றது. துணியின் தரத்தை அறிய, சிறு துணித்துண்டுகள் ஒட்டிய மாதிரி ஏடுகள் அஞ்சலில் அனுப்பப்பட்டன. மார்பு, இடுப்பு, கால் நீளம் ஆகியவற்றை எவ்விடத்தில் எவ்வாறு அளத்தல் வேண்டும் என்று படம் வரைந்து விளக்கினர். தையற்காரர் செய்த வேலையில் ஒரு பகுதியை வாங்குபவரே செய்துகொள்ளும் நிலை உண்டாயிற்று.

ஆண்களின் உடைக்கு ஓரளவு வழி முன்பே பிறந்திருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது படைவீரர்க்குப் பெருவாரியாகச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. அப்பொழுது எடுத்த அளவுகளை நோக்கியோர், சில அளவுகள் சேர்ந்து சேர்ந்து மீண்டும் மீண்டும் வருதலைக் கண்டனர். இன்ன மார்புக்கு இன்ன இடுப்பு என்னும் கணக்கு அதனால் பிறந்தது. பெண்களின் உடைக்கோ அவ்வழி இல்லை. அக்காலப் பெண்டிரின் உடை உடம்பை ஒட்டித் தைக்கப்பட்டது. அரை அங்குலம் தவறினும் பிழை தெரிந்துவிடும். நியூயார்க்கின் நேஷனல் கிளோக் அண்ட் சூட் போன்ற நிறுவனங்கள், பெண்கள் எழுதியனுப்பிய அளவுகளைக் கொண்டு தனித்தனியே தைத்து அனுப்பின.

ஆதலின் ஆயத்தமாகத் தைத்து அனுப்பப்பட்ட பெண்கள் உடைகளில் முந்தி நின்றவை தோளில் தொங்கும் மேலாடைகளும், வீட்டில் அணியும் தளர்ந்த நீள் அங்கிகளுமே. அவை யார்க்கும் ஒருவாறு பொருந்தும். ஆண்களில் உழவரும் தொழிலாளரும் அணிந்த தொளதொளப்பான வேலைக் காற்சட்டையும் அத்தகையதே. அன்றாட உடையும் அஞ்சல்வழி வாணிகமும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தமைக்கு இதுவே காரணம். அளவு சற்றுத் தவறினும் மன்னிக்கும் உடையே காணாமல் வாங்குவதற்கு ஏற்ற உடை.

அஞ்சற்காரர் வீட்டு வாயிலில்

நம்பிக்கையின் இரண்டாம் தூண் அரசாங்க அஞ்சல் துறை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்க நாட்டுப்புறத்தார் தம் கடிதங்களை ஊர் அஞ்சல் நிலையத்திற்குச் சென்றே பெற வேண்டியிருந்தது. அந்நிலையம் பல ஊர்களில் பல்பொருட்கடையின் ஒரு மூலையிலேயே இருந்தது. சிகாகோவிலிருந்து வரும் விலைப்பட்டியலைக் கடைக்காரர் கையாலேயே பெறுவது எத்தகைய நிலை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1896-இல் மேற்கு வர்ஜீனியாவில் நாட்டுப்புற வீடுகளுக்கே அஞ்சலைக் கொண்டு சேர்க்கும் முறை தொடங்கப்பட்டது. 1902-இல் அது நிலையான திட்டமாயிற்று. ஆயினும் நான்கு பவுண்டுக்கு மேற்பட்ட பொதிகளை அஞ்சல் துறை ஏற்றதில்லை. அவற்றைத் தனியார் நிறுவனங்களே கொண்டு சென்றன, கட்டணமோ மிகுதி. 1913 ஜனவரி 1-ஆம் நாள் பொதியஞ்சல் முறை நடைமுறைக்கு வந்ததும் அத்தடையும் தளர்ந்தது. உழவரின் சட்டை அவர் வீட்டு வாயிலிலேயே வந்து இறங்கியது.

ஊர்க் கடைக்காரர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். சில ஊர்களில் விலைப்பட்டியல்களை மக்களிடமிருந்து சேர்த்துப் பொது இடத்தில் தீயிட்டனர். கொண்டுவந்து கொடுத்த சிறுவர்க்குப் பரிசும் அளித்தனர். அவர்கள் சினத்திலும் ஓர் உண்மை உண்டு. பயிர் பொய்த்த ஆண்டில் கடன் கொடுத்தவர் ஊர்க் கடைக்காரரே. சிகாகோ நிறுவனம் அன்று. ஊரின் காசு ஊரை விட்டு வெளியேறின், ஊர்க் கடை மூடப்படும், கடைத்தெருவும் சோரும். இவ்வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

ஒரே விலை, ஒரே வரிசை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இவ்வாணிகம் வேறொரு பொருளையும் பெற்றது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது; எனினும் நிறவேற்றுமை ஒழியவில்லை. கறுப்பினத்தாருள் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டு வாழ்ந்தனர். விளைச்சல் வரும்வரை கடன் கொடுத்த கடையிலேயே அனைத்தையும் வாங்க வேண்டும். வெள்ளையர் அனைவரும் வாங்கிச் சென்ற பின்னரே அவர்கள் முறை வரும். சட்டையையோ தொப்பியையோ அணிந்து பார்க்கப் பல கடைகள் அவர்களை விடுவதில்லை. எத்தகைய துணி அவர்க்குத் 'தகும்' என்று முடிவு செய்தவரும் கடைக்காரரே.

விலைப்பட்டியலுக்கோ வாங்குபவரின் நிறம் தெரியாது. அதில் அச்சிட்ட விலை எல்லார்க்கும் ஒன்றே. கடிதங்கள் வந்த முறைப்படியே பொருள்கள் சென்றன. நியூயார்க்கில் ஒருவர் அணியும் அதே சட்டையை மிசிசிப்பியின் பருத்தி வயலில் உழைப்பவரும் வாங்கலாம். கடையில் அணிந்து பார்க்க மறுக்கப்பட்டவர், தம் வீட்டில் தம் கண்ணாடி முன் அணிந்து பார்த்தார். வரலாற்றறிஞர் லூயி ஹைமன் இச்செய்தியை அண்மைக் காலத்தில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

எழுதப் படிக்க நன்கு அறியாதவரையும் சியர்ஸ் நிறுவனம் விட்டுவிடவில்லை. எந்த மொழியிலும் எழுதலாம். எழுத்து நன்றாயிராவிடினும் கேடில்லை என்று விலைப்பட்டியலிலேயே அறிவித்தது. அஞ்சல் நிலையம் செல்ல இயலாதவர் கடிதத்தையும் பணத்தையும் அஞ்சற்காரரிடமே கொடுக்கலாம் என்றும் வழி கூறியது. இவ்வழியால் கடைக்காரரின் கண்ணில் படாமலே வாங்க இயன்றது. இதனைப் பொறாத சிலர், நிறுவன உரிமையாளர்கள் கறுப்பர்கள் என்று வதந்தி பரப்பினர். வெள்ளையர் வாங்குவதை அது நிறுத்தும் என்பது அவர்கள் எண்ணம்.

ஆடை விற்ற செல்வத்தில் ஒரு பகுதி கல்விக்கும் பயன்பட்டமை ஆசிரியப் பெருமக்கள் அறியத்தக்கது. ரோசன்வால்டு 1912-இல் கறுப்பினக் கல்வித் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனுடன் சேர்ந்து தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி கட்ட உதவத் தொடங்கினார். 1932-க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அவர் தந்தது ஒரு பகுதியே. ஏழைக் கறுப்பின மக்களும் தம் உழைப்பையும் காசையும் நிலத்தையும் ஈந்தே அப்பள்ளிகளை எழுப்பினர். கொடையாளரின் பெயர் பள்ளிக்கு நின்றது. பெயரற்ற பெற்றோரின் கைகளையும் வரலாறு மறத்தல் ஆகாது.

நூற்றுக்குத் தொண்ணூறு

திருப்பித் தரும் உறுதிமொழி எத்துணை விலை மிக்கது என்பதற்கு மெயின் மாநிலத்து எல். எல். பீன் வரலாறு நல்ல சான்று. வேட்டையில் ஈடுபாடுடைய அவர், ஈரத்தில் கால் நனையாதிருக்க, அடிப்பகுதி ரப்பரும் மேற்பகுதி தோலுமாக ஒரு காலணி செய்தார். 1912-இல் வெளிமாநில வேட்டைக்காரரின் பெயர்ப் பட்டியலைப் பெற்று, அவர்களுக்கு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பினார். முதலில் விற்ற 100 இணைகளில் 90 இணைகள் தையல் பிரிந்து திரும்பி வந்தன. சொன்ன சொற்படி அனைவர்க்கும் பணத்தைத் திருப்பித் தந்தார். கடன் வாங்கிக் காலணியைத் திருத்தினார். பின்னர் வேட்டைச் சட்டையும் காற்சட்டையும் விற்றார். வேட்டைக்கென வாங்கிய தடித்த சட்டையை மக்கள் வீட்டிலும் தெருவிலும் அணியலாயினர். ஓய்வுநாள் உடை என்று இன்று வழங்குவனவற்றுள் பல இவ்வாறு பிறந்தவையே.

அளவில் விடுபட்டோர்

நம்பிக்கையின் மூன்றாம் தூண் அளவு. பெண்களின் ஆயத்த ஆடை பெருகியபொழுது, ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போன போக்கில் அளவு எண் இட்டது. ஒரு நிறுவனத்தின் 14 மற்றொன்றில் 16 ஆயிற்று. கடையில் வாங்குவோர் அணிந்து பார்த்துத் தப்பலாம். அஞ்சலில் வாங்குவோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. திரும்பி வரும் ஆடைகள் மலைபோற் குவிந்தன.

1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சார்ந்த ரூத் ஓபிரயன் அம்மையாரின் பொறுப்பில் ஏறத்தாழ 15,000 பெண்கள் அளக்கப்பட்டனர். ஒவ்வொருவரிடமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுக்கப்பட்டன. 1941-இல் அம்முடிவுகள் வெளிவந்தன. பின்னர் அஞ்சல்வழி வாணிகர் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று, அரசின் தர நிறுவனம் அவற்றைக் கொண்டு பொது அளவு முறை ஒன்றை வகுத்து 1958-இல் வெளியிட்டது. கடைகளிலெல்லாம் பரவிய அளவு எண்களுக்குப் பின்னே அஞ்சல்வழி வாணிகத்தின் தேவை நின்றது என்பது பலர் அறியாத செய்தி.

ஆயின் அக்கணக்கில் ஒரு பெருங்குறை இருந்தது. கறுப்பினப் பெண்கள் அளக்க முன்வந்த இடங்களில் அவர்கள் அளவும் எடுக்கப்பட்டது. முடிவு காணும்பொழுதோ வெள்ளையப் பெண்களின் அளவுகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. விலைப்பட்டியல் நிறம் பாராமல் விற்றது. அதன் பொருட்டு எழுந்த அளவுக் கணக்கோ நிறம் பார்த்து ஒதுக்கியது. காசு ஏற்கப்பட்டவரின் உடம்பு கணக்கில் ஏற்கப்படவில்லை. உடை பொருந்தாதபொழுது தம் உடம்பையே குறைகூறிக்கொண்ட பெண்கள் எத்தனை பேரோ! குறை உடம்பில் அன்று. அளந்தவரின் பார்வையில் இருந்தது. அம்முறை 1983-இல் கைவிடப்பட்டது. அளவு எண்கள் மீண்டும் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடலாயின.

பழைய வினா, புதிய தாள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அன்றாட உடைக்கெனவே தனி விலைப்பட்டியல்கள் பெருகின. 1963-இல் கேரி கோமர் சிகாகோவில் தொடங்கிய லேண்ட்ஸ் எண்ட் முதலில் பாய்மரப் படகுக் கருவிகளையே விற்றது. பின்னரே சட்டைகளுக்கும் கம்பளிச் சட்டைகளுக்கும் பெயர் பெற்றது. அதன் ஆங்கிலப் பெயரில் உடைமைக் குறி தவறான இடத்தில் அச்சாகிவிட்டது. மீண்டும் அச்சிடப் பணமின்மையால் பிழையே பெயராக நிலைத்தது. சொற்பிழை கண்டு சிவக்கும் ஆசிரியர்களும் இதனைக் கேட்டு முறுவலிக்கலாம்.

பெரும் விலைப்பட்டியல்களின் காலமும் முடிந்தது. மாண்ட்கோமரி வார்டு நிறுவனம் 1985-இலும், சியர்ஸ் நிறுவனம் 1993-இலும் தத்தம் பெருநூலை நிறுத்தின. அதற்கு அடுத்த ஆண்டான 1994-இல் அமேசான் நிறுவனம் தோன்றியது. தாளில் இருந்த படம் திரைக்கு மாறியது. அஞ்சலட்டை இருந்த இடத்தில் கைப்பேசி வந்தது. எல். எல். பீன் நிறுவனம் நெடுங்காலம் எல்லையின்றி வைத்திருந்த திருப்பித் தரும் உறுதியை, சிலர் அதனை முறைதவறிப் பயன்படுத்துகின்றனர் எனக் கூறி, 2018-இல் ஓராண்டாகச் சுருக்கியது. விற்பவர் சொல் காத்தல் போலவே வாங்குபவரும் நேர்மை காத்தல் வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

இன்று கைப்பேசியில் சட்டை வாங்குவோரும் பழைய வினாக்களையே வினவுகின்றனர்: அளவு பொருந்துமா? வீடு வந்து சேருமா? பொருந்தாவிடில் பணம் திரும்புமா? இம்மூன்றுக்கும் விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவர் வாணிகர் மட்டுமல்லர். அஞ்சற்காரரும், அளவு நாடா பிடித்தவரும், மைதொட்டுத் தம் மொழியில் பிழையுடன் கடிதம் எழுதிய உழவரும் அவ்வுழைப்பில் பங்குடையர். தென்னாட்டுப் பருத்தி வயலில் தாம் விளைத்த பருத்தியாலான சட்டையைச் சிகாகோவிலிருந்து தருவித்து, தம் வீட்டுக் கண்ணாடி முன் முதன்முதலாக அணிந்து பார்த்த அக்கறுப்பினத் தொழிலாளிக்கு அந்தப் பொதி வெறும் துணிமணி அன்று. பிறர் இசைவை வேண்டாது தாமே தேர்ந்துகொண்ட உரிமை.